மந்திரித்த குளிசை

போர் முடிந்து சில வருடங்களில் எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஏதாவது ஒளிந்திருந்தால் அதையும் கொல்லக் கதிர்ச் சிகிச்சை வேண்டும், கொழும்புப் பக்கம் வந்து தங்கு என்றார்கள். கண்டக்குழிக் கடற்கரையில் மீன் வெட்டிக் காயவைக்கிறவளுக்குச் சும்மா கிடப்பதுதான் பெரிய தண்டனை. இருந்தாலும் உயிரோடுதான் ஊர் திரும்புவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

அக்கா என்னைவிடப் பிடிவாதக்காரி. கற்பிட்டியில் யாரோ விற்ற குளிசைப் போத்தலோடு வந்து நின்றாள். உடம்புக்குள் ஃப்ரீ ரடிக்கல் என்று ஒன்று ஓடித் திரிகிறதாம். நல்ல உயிர்க்கலங்களைக் கடித்துக் குதறி நோயை உண்டாக்குமாம். இந்தக் குளிசை அதைப் பிடித்து அடக்குமாம். "உங்கட கருவாடு காறிப்போகுதே, அதுவும் இதுட வேலதான்" என்று விற்றவன் சொன்னானாம். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் இரண்டு பேரும் விழுந்துவிட்டோம். கொழுத்த சாளை மீனின் எண்ணெய் கெட்டு, மஞ்சளித்துக் காறாமல் காப்பாற்றுவதிலேயே எங்கள் காலம் போகிறது. காறலை நிற்பாட்டுகிற மருந்து கெடுதல் செய்யும் என்று நாங்கள் எப்படி நினைப்போம்?

அதோடு விடவில்லை. நவநாள் பூசையில் போத்தலை மாதாவின் பாதத்தில் வைத்து, சுவாமியாரிடம் மந்திரித்தும் வாங்கிவிட்டாள். பிறகு மறுக்க முடியுமா? தினமும் முன்னால் நின்று விழுங்கவைத்தாள்.

சிகிச்சைக்கு முந்தின சோதனையில், என்ன மருந்தெல்லாம் எடுக்கிறாய் என்று டொக்டர் கேட்டார். பெருமையாகப் போத்தலை நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. கருவாடு விற்றுப் பழகிய என் சிங்களத்துக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். அந்த ஃப்ரீ ரடிக்கல் அளவு மீறினால்தான் நோய். கிருமி வந்தால் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதை உண்டாக்கித்தான் கிருமியைக் கொல்கின்றன. கதிரும் பெரும்பாலும் அதை உண்டாக்கித்தான் புற்றுக்கலத்தை எரிக்கிறது. இவ்வளவு பலமான குளிசை அந்தக் கலத்துக்கே காவலாகப் போய்விடலாம். நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் கதிர் முடியும்வரை தொடாதே என்றார். மரக்கறியும் பழமும் வழக்கம்போலச் சாப்பிடலாமாம்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"மந்திரிச்ச சாமானடி! மாதாவ நம்பாம அந்த மனுசன நம்புறியா?"

"மாதாவ நம்புறன். குளிசயத்தான் நம்பல்ல."

"நீ செத்தா நான் என்னடி செய்வன்?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சாகாம இருக்கத்தான் சொல்றன். எரியவேண்டியது எரியட்டும். நீ தண்ணி ஊத்தாத."

அவள் குரல் இறங்கிப்போனது. "அப்ப, இவ்வளவு நாளும் நான் உனக்கு நஞ்சா தந்தன்?"

"இல்லக்கா. பாசத்துலதான் தந்தாய். அதே பாசத்துல இப்ப நிப்பாட்டு."

போத்தலைப் பையின் அடியில் தள்ளினாள். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. எனக்கு மனம் வலித்தது, ஆனால் நான் இறங்கிப் போகவில்லை.

முதல் கதிருக்கு என் பெயரைக் கூப்பிட்ட காலையில் அக்கா செபமாலையை எடுத்தாள். நான் கதவைத் தாண்டும்போது, யார் கேட்டால் என்ன என்பதுபோல் அவள் சத்தமாகச் செபிப்பது கேட்டது.

"மாதாவே, நல்லா எரியட்டும்."