சவர்க்காரம் விற்ற குரல்

பத்து வயதிலிருந்தே தவக்காலம் வந்தால் எங்கள் கோயிலில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை வாசிப்பவள் நான். ஒவ்வொரு வரியையும் இழுத்து, முடிவில் குரலைத் தாழ்த்தி வாசிக்க வேண்டும். முன்வாங்கில் இருக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்தால்தான் வாசிப்புச் சரி. மன்னார்த் தீவில் எனக்கு இணை கிடையாது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தத் திமிரில்தான் கொழும்பில் விளம்பரம் செய்யும் ஒருவருக்கு என் குரலை அனுப்பினேன். அவர் உடுப்புத் தோய்க்கும் சவர்க்கார விளம்பரமொன்றை வாசித்துப் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. எனக்காகப் புடவைக்கடையொன்றில் பேசி வைத்திருந்தார்.

“சரிவந்தாப் பாப்பம். இல்லாட்டித் திங்கக்கிழமை கடைக்குப் போறாய்.”

ஆயுள் முழுக்கச் சேலை மடிக்க நான் ஆளில்லை.

வெளியே சோளகக் காற்று. அந்தச் சத்தம் விழாதிருக்க உடுப்பு அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, போனில் வாசித்து அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே அழைத்தார்.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. வீட்டில ஆரும் தவறிப் போயிட்டினமோ?”

“இல்லையே. ஏன்?”

“நீங்கள் சவர்க்காரத்தை வாசிக்க எனக்கு அழுகை வருது. நாலு மணிக்குள்ள இன்னொருக்கா அனுப்புங்கோ. சரிவராட்டி வேற ஆளைத்தான் பாக்கவேணும்.”

திருப்பிப் போட்டுக் கேட்டேன். மானம் போயிற்று. வெள்ளைச் சட்டை பளிச்சிட வேண்டிய இடத்தில் நான் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்துகொண்டிருந்தேன். ஏழெட்டுத் தரம் மாற்றி வாசித்தும் வரி முடிவில் குரல் தானாக ஒப்பாரிக்கே போனது. என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

அந்த நேரம் பார்த்து, மீன்பிடித்துக் கடலால் வந்த அண்ணன், இடுப்பில் கட்டிய ஈரச் சாறத்தோடு என் கட்டிலில் குந்தினான்.

“என்னடி, சவர்க்காரம் விக்கிறியாம். ஆர் வாங்கிறது?”

“நீதான் வாங்கோணும். உன்ர சாறத்தை ஒருக்கா மணந்து பார்” என்று ஒரு பிடி பிடித்தேன். அதே சூட்டில், தாளில் இருந்த வரிகளை ஒன்றுவிடாமல் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. குரல் எங்கேயும் தாழவில்லை.

எழும்பப் போனவனை விடவில்லை. அலுமாரிக்குள் அவன் தலையையும் இழுத்து வைத்து, மீன் மணத்தைப் பொறுத்துக்கொண்டு, அவனுக்கே சொல்வதாக மறுபடி பதிந்து அனுப்பினேன். நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

“இதுதான் தங்கச்சி, இதுதான்” என்றார் அவர். “அடுத்த கிழமை இன்னும் ரெண்டு விளம்பரம் இருக்கு.”

அதற்குப் பிறகு பிஸ்கட், பால்மா, பெயின்ட் என்று எதையெல்லாமோ விற்றுவிட்டேன். இன்றைக்கு வானொலியைத் திருகினால் எங்கேயாவது நான் இருப்பேன். ஆனாலும் நான் வென்ற நாள் எது என்று கேட்டால், அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன்.

நான் அலுமாரிக்குள் அடுத்த விளம்பரத்தைப் பதிந்துகொண்டிருக்க, புடவைக்கடை முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து, பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று வாசல் படலையடியில் நின்று உரத்துக் கேட்டார். அம்மா ஓடிப் போனார்.

“மெதுவாக் கதையுங்கோ முதலாளி. பிள்ளை உள்ளுக்கு வேலை செய்யிறா.”