வேங்கை மரத்துக்கு விட்ட இடம்

ஜாஹிதா அக்கா மலையை வேகவைத்துக்கொண்டிருக்கிறார். மலையைக் குடையாகத் தூக்கியவர் உண்டு, மலையை மத்தாக்கிக் கடலைக் கடைந்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு மலையைச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, பிரியாணி தேக்சாவில் போட்டு, மூடிமேல் குழவிக்கல்லையும் தூக்கி வைத்து ஆவியில் வேகவைத்த ஆள் மூன்று உலகத்திலும் இவர் ஒருவர்தான். தேவர்கள் இன்னும் வந்து பூமாரி பொழியாமல் இருப்பதற்குக் காரணம், ஒடுகத்தூரிலிருந்து மேலே ஏறுகிற பஸ் நேரத்துக்கு வராததாகத்தான் இருக்கும்.

தேக்சா மூடி லேசாகத் தடதடத்தால் அக்கா திடுக்கிட்டு எழுந்து நிற்பார்.

"இன்னாடா சத்தம்?"

"மூடிக்கா."

"மூடியா? மரம் அறுக்குற மெஷினு மாதிரி கேட்டுச்சே."

உட்காருவார். ரோட்டில் ஒரு டிராக்டர் போகும். மறுபடி எழுந்து நிற்பார்.

அக்காவின் தையல் கடைக்கும் நான் வேலை பார்க்கிற பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அதில் ஆணியால் போட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதில் வாயை வைத்து உறுமினால் அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுபோகும். அக்காவுக்குக் கரடி என்றால் பயம். இடி என்றால் பயம். போனில் பெண் குரலில் பேசுகிற மெஷினிடம் பயம். அது "நன்றி" என்று சொன்னால் இவரும் எழுந்து நின்று "சரிங்க மேடம்" என்பார். பஸ்ஸில் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள் முடிகிறவரை துப்பட்டாவை முகத்தில் போட்டு மூடிக்கொள்வார். கீழே இறங்கினதும், "மல இன்னா அழகா இருந்துச்சு பாத்தியா?" என்று நம்மிடம் கேட்பார்.

இவ்வளவு பயந்த மனுஷி, கையில் ஒரு துணிப்பையோடு தனியாகக் காட்டுக்குள் போவார். இலை பறிக்க.

பிறந்தது வாணியம்பாடி. அப்பா தோல் பதனிடும் வேலையில் இருந்தவர். வீட்டுக்காரர் வக்கார் பாய் மலையில் கடுக்காயும் புளியும் வாங்கிக் கீழே அனுப்புகிறவர். "கடுக்கா மூட்டை கீழ எறங்குன லாரியிலதான் நான் மேல ஏறி வந்தேன்" என்று அக்கா சொல்வார். கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய தோலில் கறை எப்படிப் பிடிக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே பார்த்த விஷயம். தோலில் பிடிப்பது துணியில் பிடிக்காதா என்று ஒருநாள் பழைய வேட்டி ஒன்றை முக்கிப் பார்த்திருக்கிறார். அதன்மேல் இலைகளைப் பரப்பி, துருப்பிடித்த இரும்பு ஊறிய தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியை மேலே போட்டு மூடி, மூங்கில் கழியில் சுருட்டி ஆவியில் வைத்தார். அந்தத் துரு எங்கள் கடையில் வீணாய்க் கிடந்த நட்டும் போல்ட்டும். மலையின் கலையில் எங்களுக்கும் பங்குண்டு.

சுருளைப் பிரித்தால் இலை தெரியும். நரம்பு, விளிம்பு, புழு அரித்த ஓட்டை, எல்லாம். தேக்கிலை ஊதாவாக விழும். நெல்லி, மீன் முள்ளைப் போட்டு வைத்தது மாதிரி விழும். மருதின் இலை கரும்பச்சைப் புகை மாதிரி.

ஒரு தடவை செங்கத்திலிருந்து துணி தைக்க வந்த அம்மா, "இதே டிசைன்ல ஒரு புடவை கெடைக்குமா?" என்று கேட்டார்.

"இது டிசைன் இல்லமா, இடம்" என்றார் அக்கா.

அதுதான் சங்கதி. மற்றவர்கள் இலையை அழகு பார்த்து அடுக்குவார்கள். அக்கா மரம் எங்கே நிற்கிறதோ அங்கே வைப்பார். துணியின் மேல் ஓரம் மலையுச்சி, கீழ் ஓரம் ஓடை. ஒவ்வொரு பெரிய மரத்திலிருந்தும் ஒரு கொத்து. எந்த மரத்துக்குப் பக்கத்தில் எந்த மரமோ, துணியிலும் அப்படியே. மலை பெரிது, தேக்சா சின்னது. அதனால் துண்டு துண்டாக வேகவைத்துக் கடைசியில் மெஷினில் ஒட்டுப் போட்டுத் தைப்பார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், நடந்து போன வழியெல்லாம் தெரியும். துணியில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதான் கரடி வந்துச்சு" என்பார். அதைச் சொல்லும்போதும் விரலைச் சட்டென்று எடுத்துவிடுவார்.

முதல் துணி ரோட்டோரப் புளியமர வரிசை. அடுத்த வருஷம் ரோட்டை அகலப்படுத்தினார்கள், வரிசை போய்விட்டது. இரண்டாவது துணி அதற்கு மேலே இருந்த சரிவு. போன பங்குனியில் தீப்பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகக் கருகிப்போனது. இரண்டும் இப்போது கடைச் சுவரில் தொங்குகின்றன. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வருகிற மலைக்காரப் பெண்கள் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பதில்லை. ஒரு கண்ணை அவற்றின்மேல் வைத்துக்கொண்டேதான் பேசுவார்கள்.

இந்த ஆனியில் அக்கா மூன்றாவதைத் தொடங்கினார். ஊத்துப்பாறைச் சரிவு. ஆடியில் அங்கே அளக்க ஆள் வந்து, வெட்டப்போகிற மரங்களில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொரு ரோடாம்.

நம்பர் விழுந்த மறுநாளே சின்னக்குழந்தை கடைக்கு வந்தது. பெயர்தான் குழந்தை, பேரன் எடுத்த பெண். ஊத்துப்பாறைக்குக் கீழே சாமை போடுகிற குடும்பம். வாசற்படியிலேயே நின்றது.

"உள்ள வாக்கா" என்றார் ஜாஹிதா அக்கா.

"நான் வர்ல பாயம்மா. மொதல்ல அத்த மடிச்சி வையி."

மேசைமேல் விரித்திருந்த துணியை அக்கா மடித்தார்.

"ஒன்னு கேட்டா கோச்சுக்காத. எங்க மாமனாரு போட்டோ புடிக்க வுட மாட்டாரு. ஆயுசு கொறஞ்சிடும்னுவாரு. நாங்க சிரிச்சோம். இப்ப நீ மரத்தப் புடிக்கிற. புளியமரத்தப் புடிச்ச, போச்சி. மேல் சரிவப் புடிச்ச, எரிஞ்சிச்சி. இப்ப எங்க பக்கம் புடிக்கிற, நம்பர் வந்துட்ச்சி."

"யக்கா, நான் எல மட்டுந்தானே எடுக்கிறேன்?"

"எலதான். அதும் மூஞ்சி அதுலதான கீது?"

நான் தகர ஓட்டை வழியாக, "அப்படின்னா எங்க மொதலாளிய ஒரு துணியில போடச் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"மத்ததெல்லாம் புடிச்சிட்ட. வேங்கைய மட்டும் வுட்டுடு பாயம்மா. ஊத்து அதும் வேர்லதான் கீது. அது போச்சின்னா நாங்க தண்ணிக்கு எங்க போறது?"

"வுட்டுடறேன்" என்றார் அக்கா.

அன்றிலிருந்து துணியின் கீழ்ப்பக்கத்தில், ஓடைக்குக் கொஞ்சம் மேலே, கை அகலத்துக்கு ஓர் இடம் காலியாகக் கிடந்தது. சுற்றிலும் மருதும் கடுக்காயும் நெல்லியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நடுவில் வெறும் பழுப்புத் துணி.

வக்கார் பாய் சத்தம் போட்டார். "அரே, ரோடு போடறவன் ஒன் துணியப் பாத்துட்டா போடறான்? எலைக்கு இன்னா தெரியும்?"

"தெரியும்ங்க. எனக்கு இது தெரியாதா? தெரிஞ்சும் கை நடுங்குது. போட்டேன்னு வைங்க, நாளைக்கு வெட்டிட்டா என்னாலதான்னு ஆயிடும். போடாம வுட்டு, அப்பவும் வெட்டிட்டா? அது இருந்ததுக்கு இன்னா அடையாளம் இருக்குது? ஒன்னும் இருக்காது."

பாய் மூட்டை தைக்கிற கோணி ஊசியைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டார். ஊசி அவர் சட்டையில்தான் குத்தியிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஊத்துப்பாறைப் பக்கம் போகவே இல்லை. தான் பார்த்தாலே மரத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற மாதிரி. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும், தேன் விற்கிறவர், ஆடு ஓட்டி வருகிறவர், பஸ் கண்டக்டர், எல்லாரிடமும் ஒரே கேள்வி: "வேங்க நிக்குதா?" நிற்கிறது என்றால் உடனே நம்ப மாட்டார். "நல்லாப் பாத்தீங்களா? எல ஆடிச்சா?" என்பார். காற்று அந்தத் திசையிலிருந்து வீசினால் மெஷினை நிறுத்திவிட்டு மோப்பம் பிடிப்பார். யாரோ பீடி பற்ற வைத்தால் போதும், வாசலுக்கு ஓடிவந்துவிடுவார். தைத்த ஜாக்கெட்டில் கை மாறிப்போனது. பள்ளிக்கூடப் பையன் டிரவுசருக்கு ஒரு பக்கம் மட்டும் பாக்கெட் வந்தது.

ஒருநாள் என்னிடமும் அதே கேள்வி வந்தது. "வேங்க நிக்குதாடா?"

"நிக்கல. கால் வலிக்குதுன்னு படுத்துக்கிச்சு" என்றேன்.

கத்திரி கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கரடிக்குப் பயந்த முகம் எனக்குத் தெரியும். அது வேறு. இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஓட்டையை ஒரு டியூப் துண்டை ஒட்டி அடைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் டியூப் உரசுகிற அரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஊத்துப்பாறைக்கு ஏறினேன். நல்ல வெயில். ஆனாலும் அந்தச் சரிவில் நம்பர் போட்ட மரங்களுக்கு நடுவே நடப்பது, தங்கள் நம்பரைக் கூப்பிடக் காத்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு நடுவே நடப்பது மாதிரி இருந்தது. ஒன்றும் பேசாமல் எல்லாம் நம்மையே பார்க்கிற மாதிரி. வேங்கை நின்றது. மார்பு உயரத்தில் சிவப்பு நம்பர். அரத்தால் தேய்த்தேன். பெயிண்ட் போனது, கூடவே பட்டையும் போனது. உள்ளேயிருந்து சிவப்பாகக் கசிந்தது. வேங்கையைக் கீறினால் அப்படித்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அது விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியபோது அரம் கையிலிருந்து நழுவிவிட்டது. கீழே யாரோ இருமினார்கள். பாறைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தேன். ஆடு. ஊற்றில் கை கழுவினேன். சிவப்பு முழுதாகப் போகவில்லை. பாக்கெட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

நேராகக் கடைக்குள் போய், "யக்கா, வேங்கையில நம்பரக் காணோம்" என்றேன்.

அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "இன்னா சொல்ற?"

"நம்பர் இல்ல. அவங்களே அழிச்சிட்டாங்க போல. அந்த மரத்த வுட்டுட்டு வளைச்சிப் போறாங்களாம் ரோட்ட."

"யாரு சொன்னா?"

"நானே பாத்துட்டு வர்றேன்."

"கையில இன்னா செவப்பு?"

"வெத்தல போட்டேன்."

"கையாலயா போடுவ?"

"மொதலாளிக்கு மடிச்சிக் குடுத்தேங்கா."

அக்கா சிரித்தார். ஆடியிலிருந்து நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. "தோபா தோபா, பேரு வெற்றிச்செல்வன், செய்யுற வேலை வெத்தல மடிக்கிறது" என்றார். தோளில் இறுகியிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது கண்ணுக்குத் தெரிந்தது. மேசைமேல் துணியை விரித்து, அந்தக் காலியிடத்தைக் குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி ஒருமுறை தடவினார். "அப்ப இது இப்படியே இருக்கட்டும்டா. நின்னுட்டு இருக்குற மரத்துக்குத் துணி எதுக்கு?" என்று சொல்லி மடித்து வைத்தார். "சின்னக்குழந்தை அக்காவுக்கு நானே போய்ச் சொல்றேன். ரெண்டு பேரும் போலாம். நீ கரடி மாதிரி கத்தாம வரணும்."

நான் நழுவப் பார்த்தேன்.

"நில்லு. பாக்கெட்டுல பட்டன் இல்லாம திரியுற, கழுத." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வந்து என் சட்டைப் பாக்கெட்டைப் பிடித்தார். பிடித்தவர் விரலை எடுக்கவில்லை. உள்ளே ஏதோ ஈரமாக இருந்தது. இரண்டு விரலை விட்டு வெளியே எடுத்தார். நனைத்த துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்தார்.

ஒரே காம்பில் ஐந்தாறு இலை. வாடாமல், பச்சையாக இருந்தன.

அக்கா இலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தை.

"நிக்கப் போற மரத்து எலைய எதுக்குடா வாடாம சுத்தி வெச்சிருக்க?"

எனக்குப் பொய்க்குப் பஞ்சமே வந்ததில்லை. அன்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அக்கா ஊசியைத் துப்பட்டாவில் குத்தினார். மடித்த துணியை மறுபடி விரித்தார். இலையைக் காலியிடத்தில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கை நடுங்கியதில் இலை நகர்ந்தது. சரிசெய்து வைத்தார், மறுபடி நகர்ந்தது. நிமிர்ந்து பார்க்காமலே என் சிவந்த கையைப் பிடித்து இழுத்து, தன் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.