முளைப்பாரி வீட்டுக்குள் போன பாஸ்போர்ட்

அனுசுயா என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சண்டையில். பெத்தன் எனக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. தலைச்சன் பெண் பிறந்தால் அப்பனைப் பெற்றவள் பேரை வைப்பது எங்கள் வழக்கம். அவனோ ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து, "அனுசுயான்னு வச்சாச்சு" என்று நின்றான். பிரசவம் பார்த்த நர்சம்மா பேராம். பிள்ளை அழாமல் நீலம் பாய்ந்து பிறந்ததாம், அந்த அம்மாதான் விடாமல் தட்டித் தட்டி அழ வைத்தாராம். "பெத்தவ பேரு ஒனக்குக் கசக்குதாடா?" என்று கேட்டுவிட்டுப் போன நாச்சியார் சின்னாத்தா, பிள்ளை தவழுகிறவரைக்கும் அவனோடு பேசவில்லை.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து என் கொழுந்தன் மகன் முத்துக்கண்ணனுக்கு வாக்கப்பட்டது. ஆக, அந்தப் பக்கமும் எனக்கு மருமகள், இந்தப் பக்கமும் மருமகள். அவள் மாமியார் சோணையம்மாள் எனக்கு ஓரகத்தி. அவர்கள் இருப்பது பள்ளத்தூருக்குப் பக்கத்து ஊரில். நான் மகனோடு காரைக்குடியில் இருக்கிறேன்.

அனுசுயா காரைக்குடியில் ஈஸ்வரி என்கிற பல் டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கிறாள். ஊசியைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொள்கிற பிள்ளைகளை மடியில் வைத்துக் கதை சொல்லி வாயைத் திறக்க வைப்பாள். டாக்டரம்மா வருஷத்துக்கு ஒரு தடவை, காசு வாங்காமல், இலங்கை மலைப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்ப் பல் பார்த்துவிட்டு வருவார். போன வருஷமே இவளைக் கூப்பிட்டார். இவளும் பாஸ்போர்ட் எடுத்துத் தயாராக இருந்தாள். அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் படுக்கையில் விழுந்தார். போக முடியாமல் போயிற்று. திரும்பி வந்த டாக்டரம்மா, "கவிஷ்கான்னு ஒரு சின்னப்பிள்ளை. கடைசிவரைக்கும் வாயைத் திறக்கவே இல்லை. வலியோடவே விட்டுட்டு வந்துட்டோம்" என்றார்.

அன்றிலிருந்து அனுசுயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த வருஷம் போயே தீருவது என்று நின்றாள். அந்த இல்லத்துப் பிள்ளைகள் பேரையெல்லாம் கேட்டு வாங்கி, ஆளுக்கொரு துணிப்பை தைத்து, பேரை நூலால் போட்டு, உள்ளே ஒரு பல் பிரஷ் வைத்தாள். தைத்ததைப் பிரிப்பாள், திரும்பத் தைப்பாள். பெட்டியை அடுக்குவாள், கலைப்பாள். பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் நிரோஷன், தர்ஷிகா, கவிஷ்கா என்று ஓடிக்கொண்டே இருக்கும். "சாமி பேரைச் சொன்னாலும் புண்ணியம் உண்டு" என்பாள் சோணையம்மாள்.

சனிக்கிழமை மதுரையில் விமானம் ஏற வேண்டும். ஊரில் கூட்டம் போட்டு, அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குக் காப்பு என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். காப்புக் கட்டியபோது ஊருக்குள் இருந்தவர்கள், முளைப்பாரி எடுத்துக் கரைக்கிற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதிலிருந்து தப்ப ஒரு வழிதான் உண்டு. காப்புக் கட்டுமுன்னே வெளியேறிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் பெட்டியைப் பத்தாவது தடவையாகக் கலைத்தபோதுதான் பாஸ்போர்ட் இல்லை என்று தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று. முத்துக்கண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் பீரோவைக் குடைந்துவிட்டு, "இல்லையேடி" என்றான். அவனிடமிருந்து போனை வாங்கினாள் சோணையம்மாள்.

"எதுக்குப் பதறுற? அது ஆத்தா காலடியில பத்திரமா இருக்கு. பிளேன்ல போறவளாச்சேன்னு மஞ்சத்துணியில முடிஞ்சு முளைப்பாரி வீட்டுல வச்சிருக்கேன்."

"அத்தே! அது இல்லாம எப்படிப் போறது? வைக்கும்போது ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"டிக்கெட்டுதான் ஒங்கிட்ட இருக்கே?"

சோணையம்மாள் வேண்டுமென்று செய்யவில்லை. பஸ்ஸுக்கு டிக்கெட் போதும், பிளேனுக்கும் போதும் என்று நினைத்துவிட்டாள். ஆனால் முளைப்பாரி வீடு என்பது சும்மா ஒரு வீடு இல்லை. விதை போட்ட சட்டிகளை வைத்து, வெளிச்சம் படாமல் சாத்திவிடுவார்கள். தண்ணீர் தெளிக்க ஒரே ஒரு பெண்தான் உள்ளே போகலாம். இந்த வருஷம் அது சோணையம்மாள். உள்ளே போன பொருள் எதுவும், முளைப்பாரி வெளியே வரும்வரை வெளியே வரக் கூடாது; வந்தால் மழை பொய்த்துவிடும் என்பார்கள்.

முத்துக்கண்ணன் போய், ஊர்ப் பெரியவர் செம்மலையிடம் கேட்டான். "ஒம் பொண்டாட்டி ஒருத்திக்காக ஊர் மழையை விட முடியுமாடா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை முழுக்க அனுசுயா என் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். அடுப்படிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவாள். "அயித்தே, உள்ள தண்ணி தெளிப்பாகளே, நனைஞ்சிருக்குமோ?" என்பாள்.

"நனைஞ்சா முளைக்கும். ரெண்டு பாஸ்போர்ட்டாக் கிடைக்கும், என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன். சிரிக்கவில்லை. கவிஷ்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வருசமும் போகலேன்னா அதுக்குப் பல்லே போயிரும் அயித்தே" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்துக்கண்ணன் போன் பண்ணினான். "பெரியாத்தா, அனுவைக் கூட்டிக்கிட்டு எல்லைப் பாலத்துக்கு வாங்க. எங்காத்தா வரச் சொல்லுது." ஏன் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. மினி பஸ்ஸில் போனோம். எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே அவள் நின்றுகொண்டாள். ஊருக்குள் கால் வைத்தால் காப்பு அவளையும் கட்டிவிடும் என்று அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அங்குமிங்கும் நடந்ததில் செருப்பு வாரே அறுந்துபோயிற்று.

அந்தப் பக்கம் சோணையம்மாள் ஈரச் சேலையோடு வந்தாள். பின்னாலேயே செம்மலை கத்திக்கொண்டு வந்தார்.

"நில்லு தாயி! உள்ள போனது வெளிய வரலாமா? என்ன பழக்கம் இது?"

"வெறுங்கையா எடுத்துட்டு வரலண்ணே. ஈடு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"என்ன ஈடு?"

"அதுல அவ போட்டோ, அவ பேரு இருந்துச்சு. அதுக்குப் பதிலா எம்போட்டோ, எம்பேரு இருக்கிற ஆதார் கார்டை முடிஞ்சு வச்சிருக்கேன். ஆளுக்கு ஆளு சரியாப்போச்சு. அவளுக்குப் பதிலா நான் ஆத்தா காலடியில கெடக்கேன். குறையிருந்தா என்னையக் கேக்கட்டும்."

செம்மலை தாடையைச் சொறிந்தார். ஈடு வைப்பது ஊரில் இல்லாத பழக்கமும் இல்லை. "அதுக்குள்ள எவனாச்சும் ஆதார் கேட்டா என்ன செய்வ?" என்றார்.

"முளைப்பாரி வீட்டு வாசல்ல போய்க் கேக்கச் சொல்லுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னமோ செய்ங்க. மழை பெய்யலேன்னா ஒன்னையத்தான் கேப்பேன்" என்று திரும்பி நடந்தார்.

சோணையம்மாள் பாலத்து நடுவில் வந்து, மஞ்சள் துணியை அவிழ்த்துப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். ஓரம் லேசாக ஈரம், ஈரமண் வாசம். அனுசுயா வாங்கி முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அழுதாள்.

"அழுகாத. அந்தப் பிள்ளை வாயைத் திறக்காட்டி நீ இங்க வந்து எங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது, ஆமா" என்றாள் சோணையம்மாள்.

சனிக்கிழமை டாக்டரம்மா காரில் மதுரைக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்தாயிற்று என்று ஒரு போன் வந்தது. கவிஷ்கா வாயைத் திறந்ததா என்று இன்னும் சொல்லவில்லை. மணிக்கொரு தடவை சோணையம்மாள் எனக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவள் ஆதார் கார்டு முளைப்பாரி வீட்டுக்குள் இருக்கிறது. அனுசுயா இலங்கையில், மலைமேல், அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் இருக்கிறாள்.