பீலியைக் குடித்த மரங்கள்

சளிக்கு நல்லதென்று மருமகள் கொண்டுவந்த யூகலிப்டஸ் தைலத்தைத் திறக்க வேண்டாம் என்றேன். அந்த வாடையை என்னால் சகிக்க முடியாது.

இலங்கை மலையகத்தில், லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, கால் வைத்தால் முழங்கால் வரை புதையும் ஒரு சதுப்புப் பள்ளம் இருந்தது. அந்தியில் தவளைகள் போடும் இரைச்சலைக் கேட்டபடிதான் சோறு தின்போம், அங்கே ஊறிய தண்ணீர்தான் எங்கள் பீலிக் குழாயில் இரவு பகலாகக் கொட்டியது. அந்த ஈரத்தில் சீக்கிரம் வளரும், தேயிலை காயவைக்கும் ஸ்டோருக்கு விறகாகும் என்று துரை எங்கிருந்தோ யூகலிப்டஸ் கன்றுகளை இறக்கினார். நட்டது அம்மாவும் அவளோடு கொழுந்தெடுத்த பெண்களும்தான். மரங்கள் லயத்துக் கூரையைத் தாண்டியபோது தவளைகள் ஓய்ந்தன, பள்ளம் காய்ந்து வெடித்தது, பீலி வற்றிச் சொட்டத் தொடங்கியது. வெட்டினால் நாலாகத் துளிர்த்த அந்தச் சனியன்கள் போதாதென்று அடுத்த பள்ளத்துக்கும் கன்று வந்தது.

"தண்ணிக்கு நாங்க எங்கங்க போறது?" என்று அம்மா கங்காணியிடம் கேட்டாள்.

"ஆத்துக்குப் போ. மரத்த வெட்டச் சொல்லி தொரைகிட்ட நானா கேக்க முடியும்?"

மழையில் ஆற்றிலிருந்து குடம் சுமந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா அந்த மரத்து இலையையே அவித்து, ஆவி பிடிக்கச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா குனியவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இத அவிக்கவும் நம்ம தண்ணிதானா?" என்றாள்.