வெங்காய லோடும் முதல் பாயிண்டும்

என் அக்கா மகள் டென்னிஸ் ஆடுகிறாள். இப்போது வெளிநாடுகளில் ஆடுகிறாள். பேப்பரில் போட்டோ வருகிறது. திண்டுக்கல் மார்க்கெட்டில் லோடு ஏற்றும்போது யாராவது வந்து, "உங்க வீட்டுப் புள்ளையாமே?" என்று கேட்பார்கள். "அக்கா மக" என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், "மாமா, நாம லாரியில போனதையெல்லாம் எழுதி வையி. எனக்கே மறந்துரும்போல இருக்கு" என்றாள். நான் படித்தது எட்டாவது. வந்த மாதிரி எழுதுகிறேன்.

நான் லாரி டிரைவர். லாரி ஓனருடையது. கன்னிவாடிப் பக்கம் முருங்கைக்காய், பாலசமுத்திரம் பக்கம் தேங்காய், நத்தம் பக்கம் மாங்காய். எது அமைகிறதோ அதை ஏற்றுவேன். எங்கே சொல்கிறார்களோ அங்கே போவேன்.

அக்காவுக்குக் கன்னிவாடி ரோட்டில் வீடு. மச்சானுக்கு மல்லிகைத் தோட்டம். விடிவதற்கு முன்னால் பூ எடுத்தாக வேண்டும். ஒரு நாள் விட்டால் அன்றையப் பூ போச்சு. அதனால் மச்சான் எங்கும் நகர மாட்டார். பிள்ளையை டவுனில் சிஸ்டர்மார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. பி.டி. டீச்சர் ஆடக் கற்றுக்கொடுத்தார். பிள்ளை பிடித்துக்கொண்டாள். ஸ்கூலில் ஜெயித்து, மாவட்டத்தில் ஜெயித்த பிறகு டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். "இனிமே வெளியூர் போய் ஆடணும். இங்க இவளுக்கு ஆள் இல்ல."

யார் கூட்டிப்போவது? அக்காவும் பிள்ளையும் பாஷை தெரியாத ஊருக்குத் தனியாகப் போக மச்சான் சம்மதிக்கவில்லை. நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு லோடு அமையிற ஊரா இருந்தா நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. போட்டி நடக்கும் ஊர்களை டீச்சர் சொல்வார். பிள்ளை எனக்குப் போன் போடுவாள்.

"மாமா, பெங்களூருக்கு லோடு இருக்கா?"

"இல்ல. ஐதராபாத்துக்கு முருங்கை இருக்கு."

"அங்கயும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கு. அப்ப அதுக்கே பேரு குடுக்குறேன்."

மற்ற பிள்ளைகள் எந்தப் போட்டி நல்லது என்று பார்த்துப் போவார்கள். இவள் முருங்கைக்காய் எங்கே விலை போகிறதோ அங்கே போய் ஆடினாள்.

கேபினில் என் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகை உண்டு. அதில் பிள்ளை. பக்கத்து சீட்டில் அக்கா. பிள்ளை குப்புறப் படுத்துக்கொண்டு பாடம் படிப்பாள். படித்தது போதும் என்றால் தலையை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டி ரோட்டைப் பார்ப்பாள். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று மாறுகிறதா, மழை வருமா என்று நானும் அக்காவும் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டே வருவாள். வழியில் மரத்தடியில் நிறுத்தி அக்கா ஸ்டவ் பற்ற வைப்பாள். சோறும் ஒரு குழம்பும். தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு லோடில் கை வைக்கப் பார்ப்பாள்.

"ஓனர் சரக்கு. தொடாத" என்பேன்.

"ஒடஞ்ச காயைக் குடுலே. பெரிய ஓனரு மாப்பிள்ள."

ஒட்டன்சத்திரத்தில் லோடு ஏறும்வரை பிள்ளை சும்மா இருக்க மாட்டாள். கமிஷன் கடைச் சுவரில் பந்து அடிப்பாள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் சொல்வார். "ஏனுங்க டிரைவர், உங்க பாப்பா செவுத்தைப் பேத்துட்டுத்தான் விடுமாட்டம் இருக்குதுங்க."

"செவுரு பழசுங்க" என்பேன்.

"செவுரு பழசு இல்ல மாமா, நான் நல்லா அடிக்கிறேன்" என்பாள் அவள்.

ஆனால் இத்தனை ஊர் கூட்டிப்போயும் அவள் ஆடி நான் பார்த்ததில்லை. பகலில் டவுனுக்குள் லாரியை விட மாட்டார்கள். லாரியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. துணைக்கு ஓனர் ஆள் தரவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் டீசல் இருக்காது, ஸ்டெப்னி இருக்காது. அக்காவும் பிள்ளையும் ஆட்டோ பிடித்துப் போவார்கள். நான் லாரிக்கு அடியில் படுத்திருப்பேன். திரும்பி வந்தால் கேட்க மாட்டேன். ஜெயித்திருந்தால் பையை முதலில் கேபினுக்குள் எறிந்துவிட்டு ஏறுவாள். தோற்றிருந்தால் பையைச் சுமந்துகொண்டே ஏறுவாள். எனக்கு அது போதும்.

ஜெயித்தால் எனக்குத்தான் சிரமம். ஒவ்வொரு ஜெயிப்புக்கும் ஒரு நாள் கூடுதலாக நிற்க வேண்டும். ஓனர் போன் போடுவார். "என்னப்பா, லாரி ஓட்டுறியா, ஸ்கூல் வேன் ஓட்டுறியா?"

அவள் பிளஸ் டூ படித்த வருசம் அது. மகாராஷ்டிராவில் ஒரு ஊரில் பெரியவர்களுக்கான போட்டி. டென்னிஸையே தொழிலாக ஆடுகிறவர்கள் பல நாட்டிலிருந்து வருவது. டீச்சர் விவரம் சொல்லியிருந்தார். தகுதி ஆட்டங்களைத் தாண்டி, மெயின் டிரா என்கிற முக்கியச் சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஒரு பாயிண்ட். அப்படி மூன்று ஊரில் வாங்கினால் உலக வரிசையில் பேர் ஏறும். பேர் ஏறினால் கோச் கிடைப்பார், செலவுக்கு ஆள் கிடைக்கும். அந்த முதல் பாயிண்ட் வராமலே மட்டையைக் கீழே வைத்த பிள்ளைகள் நிறைய என்றும் சொன்னார். மச்சான் அந்த வருசம் மட்டும்தான் கெடு கொடுத்திருந்தார். பிளஸ் டூ முடிந்தால் நர்சிங். டென்னிஸ் போதும்.

லோடும் சரியாக அமைந்தது. போகும்போது தேங்காய், வரும்போது பெரிய வெங்காயம். வெங்காய மார்க்கெட்டும் அந்த ஊரிலேயே இருந்தது.

தகுதி ஆட்டங்களை ஜெயித்தாள். பை முன்னால் வந்து விழுந்தது. மறுநாள் மெயின் டிராவில் முதல் ஆட்டம். அன்று காலையில் மார்க்கெட்டில் வெங்காயம் ஏற்றியாகிவிட்டது. புது வெங்காயம், ஈரம் இருக்கும். தார்ப்பாயைப் போட்டு மூடி நிறுத்தினால் வேர்த்து அழுகும். அதனால் தார்ப்பாயைச் சுருட்டி வைத்துக் காற்றாட விட்டிருந்தேன். மழை வருகிற மாதமும் இல்லை. சாயங்காலம் கிளம்பியே ஆக வேண்டும் என்று ஓனர் சொல்லிவிட்டார்.

கூட ஆட வந்த ஒரு கேரளத்துப் பிள்ளையோடு இவள் முன்னாலேயே கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அக்கா கேபினை விட்டு இறங்கவில்லை.

"கிளம்பலையாக்கா?"

"நீ போ."

"எங்க?"

"ஆட்டத்துக்கு. எத்தன வருசமா ஓட்டுற. ஒரு ஆட்டமாச்சும் பாருலே. லாரிய நான் பாத்துக்கிறேன்."

"எவனாவது லாரியத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"என்னையும் சேத்துல்ல தூக்கணும். அம்புட்டுப் பலம் எவனுக்கு இருக்கு?"

கைலியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு போனேன்.

கோர்ட் நீல நிறத்தில் இருந்தது. சுற்றிலும் கம்பிவலை. கூட்டம் இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தேன். நடுவில் உயரமான நாற்காலியில் நடுவர் அம்மா. எதிரில் ஆடியவள் வெளிநாட்டுக்காரி. எங்கள் பிள்ளை அவள் தோள் உயரம்தான் இருந்தாள்.

ஆடியது எங்கள் பிள்ளைதானா என்று இருந்தது. வீட்டில் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிடுகிறவள். இங்கே பந்தை அடிக்கும்போது ஒரு சத்தம் விட்டாள். கயிற்றை இழுத்துக் கட்டும்போது லோடுமேன் விடுகிற சத்தம். முகம் கல் மாதிரி இருந்தது. முதல் செட் அவளுக்கு. மற்றவர்கள் தட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன் போல.

திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது. சந்தோசம் இல்லை, பதற்றம். அங்கிருந்தே கத்தினாள்.

"மாமா! லாரிய யாரு பாக்குறா?"

நானும் கத்தினேன். "அம்மா இருக்கு! நீ பந்தைப் பாரு!"

நடுவர் அம்மா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு முன்னால் அந்தக் கேரளத்துப் பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி, "பேசாதீங்க. கோச்சிங் பண்றதா நினைக்கிறாங்க. இது வார்னிங். இன்னொரு தரம் பேசினா உங்க பிள்ளைக்குப் பாயிண்ட் போகும்" என்றார். வெளியிலிருந்து சொல்லிக்கொடுப்பதை இப்போது அனுமதிக்கிறார்களாம். அப்போது கூடாது. தமிழ் தெரியாத அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்தால் கோச் மாதிரி இருந்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது செட்டில் பிள்ளை தடுமாறினாள். அதை எதிராளி எடுத்துக்கொண்டாள். பேசாமல் லாரிக்கு அடியிலேயே படுத்திருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாவது செட் பாதியில் மேற்கே கறுத்தது. அதற்கு முன்னாலேயே காற்று மாறிவிட்டது. எனக்குத் தெரிந்தது. லாரியில் வளர்ந்தவளுக்கும் தெரிந்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். வானத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். தார்ப்பாய் சுருட்டிக் கிடக்கிறது. அக்கா ஒருத்தியால் போட முடியாது. வெங்காயம் நனைந்தால் திண்டுக்கல் சேர்வதற்குள் அழுகிவிடும். ஆனால் வாயைத் திறந்தால் அவளுக்குப் பாயிண்ட் போகும். "போறேன்" என்று சொல்லக்கூட வழியில்லை. எழுந்து நின்றேன். அவள் தலையை லேசாக ஆட்டினாள். பந்தை மேலே போட்டாள். அந்தச் சத்தம் கேட்க, நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது தூறல் விழுந்தது. அக்கா ஏற்கெனவே லோடு மேல் ஏறிவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தார்ப்பாயோடு மல்லுக்கட்டினாள்.

"செயிச்சுட்டாளா?"

"ஆடிக்கிட்டு இருக்கா."

"அப்ப நீ ஏன்லே வந்த?"

"வெங்காயம்."

"வெங்காயமாம் வெங்காயம்" என்று சொல்லி ஒரு முனையை என் மேல் எறிந்தாள்.

மூடிப் பாதி கட்டியபோது மழை கொட்டியது. செத்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிள்ளை ஆடின உடுப்போடு இறங்கினாள். மழைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். மீதி நாளைக் காலையில். பையைக் கேபினில் வைத்துவிட்டு நேராகக் கயிற்றைப் பிடித்தாள்.

"விடு தாயி, கை கொப்புளிச்சிரும். நாளைக்கு மட்டை பிடிக்கணும்."

"அப்ப காலால மிதிக்கிறேன்" என்று மேலே ஏறிவிட்டாள். காற்று தார்ப்பாயைத் தூக்கிய இடத்தில் எல்லாம் ஓடிப்போய் நின்றாள். நானும் அக்காவும் கட்டினோம். மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். வெங்காயம் நனையவில்லை.

கேபினில் உட்கார்ந்து அக்கா போட்ட டீயைக் குடித்தோம். சாயங்காலம் ஆகிவிட்டது. பிள்ளைதான் சொன்னாள்.

"நீ கிளம்பு மாமா. வெங்காயம் நிக்காது."

"நாளைக்கு ஆட்டம்..."

"நீ இருந்தா எனக்கு லாரி நெனப்புத்தான் வரும். போயிரு."

அக்கா சிரித்துவிட்டாள். "வந்ததே ஒரு ஆட்டத்துக்கு. அதுலயும் தொரத்தி விட்டுட்டா பாரு."

கேரளத்துக்காரர்கள் தங்கிய லாட்ஜில் இருவரும் தங்கிக்கொண்டார்கள். ரயிலில் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். நான் தனியாகக் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் கர்நாடகத்துக்குள் வந்திருந்தேன். போன் அடித்ததும் ஓரம் கட்டினேன்.

"மாமா, எங்க வார?"

"டோல்கேட் பக்கம்."

"பாயிண்ட் வந்துருச்சு."

"சரி."

"என்ன சரி? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சாப்டியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சாப்ட்டேன். நீ பாத்து ஓட்டு" என்று வைத்துவிட்டாள்.

இறங்கி லாரியைச் சுற்றி வந்தேன். எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மச்சானே இருவரையும் ரயிலில் அனுப்பினார். அடுத்த சில மாதத்தில் மற்ற இரண்டு பாயிண்டும் வந்தது. பேர் ஏறியது. மச்சான் நர்சிங் பேச்சை எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கோச் சேர்த்துக்கொண்டார். விமான டிக்கெட்டுக்கு ஒரு கம்பெனி முன்வந்தது. தேங்காயோடு போன அந்தப் பயணம்தான் அவள் லாரியில் கடைசியாக வந்தது. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கிளம்பித்தான் இருப்பேன்.

இப்போது அவள் ஆடும்போது போனில் ஸ்கோர் எண்கள் ஓடும். படம் வராது. எண் மாறாமல் நின்றுவிட்டால் அங்கே மழையோ என்று நினைப்பேன்.

போன மாதம் தேங்காய் இறக்க, முதல் பாயிண்ட் வந்த அந்த ஊருக்குப் போனேன். ரிட்டன் லோடு மறுநாள்தான். இப்போது கூட இன்னொரு டிரைவர் வருகிறார். அவரை லாரியில் இருக்கச் சொல்லிவிட்டு அந்தக் கோர்ட்டுக்குப் போனேன். இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் இந்தியில் ஏதோ கேட்டான். ஆட்டத்தைக் கையால் காட்டினேன். உட்காரச் சொன்னான்.

வானத்தில் ஒன்றும் இல்லை. லாரியும் காலி. முதல் தடவையாக ஒரு ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தேன். முடிந்ததும் இரண்டு பேரும் வலைக்கு மேல் கை கொடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளையைக் கூட்டிப்போக அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்து நின்றார். அவள் பின்னால் ஏறி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். நான் மார்க்கெட்டுக்கு நடந்தேன்.