அணைத்துவிட்டுத் தொட்டான்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக் அக்கா. பதினெட்டு வருஷ வேலை. சூப்பர்வைசர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குறுக்கே நின்றது ஆங்கிலப் பரீட்சை ஒன்றுதான். நூற்றுக்கு நாற்பது எடுத்தாக வேண்டும்.

இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கும் பகுதி என்றாலே மற்ற மெக்கானிக்குகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. 'அவன் கதவைச் சாத்தினான். அவன் தூங்கினான்' என்றிருந்தால், முதல் வேலைக்கு ஒரு 'ஹேவிங்' போட்டு இரண்டாவதோடு ஒட்டிவிட வேண்டியதுதான்.

"சாத்திட்டுத் தூங்கினான். நாம பொழுதுக்கும் பேசறதுதானே? இதுக்கு எதுக்கு பார்ட்டிசிபிள் ஃப்ரேஸ்னு இவ்வளவு பெரிய பேரு?"

கணவர் புத்தகத்தைப் பார்த்துக் கேட்கக் கேட்க, அக்கா பாத்திரம் தேய்த்தபடியே ஒட்டித் தள்ளினார். பாஸாகிவிடுவோம் என்பதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

ரிசல்ட் வந்தது. முப்பத்தொன்பது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரீட்சை வைத்த தலைமை இன்ஜினியரே கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார். 'அவன் மின்கம்பியைத் தொட்டான். அவன் மெயினை அணைத்தான்.' இதுதான் கேள்வி. மெயினை அணைத்துவிட்டுக் கம்பியைத் தொட்டான் என்று அக்கா எழுதியிருந்தார்.

"வரிசையை மாத்திட்டீங்களேம்மா. எது முன்னால இருக்கோ அதுதான் முன்னால வரணும். இப்ப சரியா எழுதுங்க, அந்த ஒரு மார்க்கைப் போட்டுடறேன்."

மாற்றி எழுதியதே அக்காவுக்கு நினைவில்லை. பதினெட்டு வருஷமாக மெயினை அணைக்காமல் எதையும் தொடாத கை, பரீட்சையிலும் அப்படியே எழுதிவிட்டது. பேனாவை வாங்கினார். இன்ஜினியர் கேட்டபடி எழுத அரை நிமிஷம்கூட ஆகாது. பதவி உயர்வு கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்து, ஒரே மூச்சில் எழுதி நீட்டினார்.

இன்ஜினியர் வாசித்தார். கம்பியைத் தொட்டுவிட்ட அவன், மெயினை அணைக்க உயிரோடு இல்லை.

"என்னம்மா இது?"

"தொட்டது முன்னாலதான் இருக்கு. இலக்கணம் சரியா சார்?"

"சரிதான்."

"எங்க அண்ணனும் இதே வேலைதான் பாத்தான் சார். தொட்டான், அப்புறம் அணைக்கல. அப்ப அவனுக்கு வயசு இருபத்தாறு. என் கையால அதை வேற மாதிரி எழுத மாட்டேன்."

இன்ஜினியர் இன்னொரு தடவை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, முப்பத்தொன்பதை அடித்துவிட்டு நாற்பது என்று போட்டார்.