ஓரியெல்லா தர மறுத்த உச்சம்

ஓரியெல்லா கிரெட்டிக்குக் குரல் போய்விட்டது என்று எங்கள் இத்தாலிய ஊர் பார்மாவில் இன்றும் சிலர் அளப்பார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட. அவள் பாடிய அதே ஓபெரா அரங்கில், இசைநாடகங்களில், காலமெல்லாம் கோரஸ் பாடியவள் நான். நடந்ததை என்னிடம் கேளுங்கள்.

அவள் அப்பா அர்னால்தோ பன்றித் தொடைக்கு உப்புப் போட்டு உலர்த்துகிறவர். வாரம் முழுக்க உப்பு, ஞாயிறு மதியம் ஓபெரா. அதுவும் அரங்கின் உச்சி மாடத்தில், மலிவு பெஞ்சில். அந்த மாடத்துக்காரர்கள் வைத்ததுதான் எங்கள் ஊரில் சட்டம். பாட்டு பிடிக்காவிட்டால் விசிலடிப்பார்கள். விசிலென்றால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம்.

தக்காளி ஆலையில் டப்பா அடைத்துக்கொண்டே பாடித் திரிந்தவள் ஓரியெல்லா. இசைப்பள்ளியில் சேர்ந்து சோப்ரானோ ஆனாள். பெண்குரலில் அதற்கு மேல் உயரம் கிடையாது. இருபத்தெட்டு வயதில் சொந்த ஊரிலேயே நாயகி வேஷம். கடைசிக் காட்சியில், சாகப்போகிற பெண் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடுவாள். இசையமைத்தவர் அந்தப் பாட்டைத் தாழ்ந்த சுரத்துக்கு இறக்கித்தான் முடித்திருந்தார். பிறகு எவளோ ஒருத்தி கைதட்டலுக்கு ஆசைப்பட்டு முடிவில் ஓர் உச்ச சுரத்தைச் சொருகினாள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஓரியெல்லாவும் அந்த உச்சத்துக்குப் போனாள், குரல் உடைந்தது. மாடம் முழுக்க விசில். அதில் அர்னால்தோவின் விசிலும் உண்டு. பெற்ற மகளுக்கே விசிலடிக்க எங்கள் ஊர்க்காரனால்தான் முடியும்.

அவள் ஊரைவிட்டுப் போனாள். திரியெஸ்தே, ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று பெயர் வாங்கினாள். போன இடமெல்லாம் அந்தப் பாட்டை எழுதியபடியே இறக்கி முடித்தாள். நாற்பதைத் தாண்டியபின் எங்கள் அரங்கம் மறுபடி கூப்பிட்டது.

"எங்க பாடினாலும் இங்க பாடற மாதிரி ஆகாது தேசொலினா. இங்க நான் ஜெயிக்கணும். என் வழியில ஜெயிக்கணும்" என்றாள் என்னிடம்.

திரை தூக்குமுன் நிர்வாகி மொந்தாலி ஓடி வந்தார். "உங்களுக்குச் சளின்னு மேடையில சொல்லிடறேம்மா. சளின்னா மாடத்துக்காரங்க மன்னிச்சிடுவாங்க."

"எனக்கு ஏது சளி?"

"அப்ப அந்த உச்சத்தைப் பாடித் தொலைங்களேன்!"

"சாகப்போறவ எதுக்குக் கூரை பிய்யக் கத்தறா? கெஞ்சறவ குரல் எறங்கத்தான் செய்யும்."

இறக்கித்தான் பாடினாள். கன்னியாஸ்திரி வேஷத்தில் பின்னால் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேலேயோ விசில் காதைப் பிய்த்தது. "உச்சத்தை ஜெனோவாவுல தொலைச்சிட்டியாடி?" என்று ஒருவன் கத்தினான்.

மொந்தாலி முகம் சிவந்து வந்தார். "அடுத்த ஞாயிறும் விசில் வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் இந்த மேடையை மறந்துடுங்க."

பின்வாசலில் கூட்டம் காத்திருந்தது. முன்னால் அர்னால்தோ, தலையில் தொப்பியோடு. "ஏண்டி, குரல் செத்துப்போச்சுன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே? என் மானத்தை எதுக்கு வாங்கறே?"

ஓரியெல்லா பையைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். அதே உச்சம்! நடுத்தெருவில், பிசிறில்லாமல், அவர் மூஞ்சிக்கு நேராக. அவள் நிறுத்துகிற வழியாக இல்லை. எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கேட்டுச்சாப்பா? சாகல, இருக்கு. ஆனா அந்தப் பாட்டுல தர மாட்டேன். போய் விசிலடிச்சுக்கோ."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கை வலிக்கக் கைதட்டினேன். பின்னாலேயே வந்திருந்த மொந்தாலி முறைத்தார், முறைக்கட்டும்.

அடுத்த ஞாயிறும் இறக்கியே முடித்தாள். விசில் கிளம்பியது. மாடத்தில் அர்னால்தோ எழுந்தார். தொலைந்தது என்று நினைத்தேன். மனுஷன் தன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வாயை மூடுங்கடா! அவகிட்ட அது இருக்கு, என் காதால கேட்டேன். தர இஷ்டமில்ல, தரல. அது அவ பாட்டு!"

விசில் நின்றது. கதைப்படி செத்துக் கிடக்க வேண்டியவள் எழுந்து நின்று, வாத்தியக் குழுவை நடத்துகிறவரைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து என்று சைகை காட்டினாள். கூட்டம் கேட்டால்தான் திரும்பப் பாடுவது வழக்கம்; அன்று யாரும் கேட்கவே இல்லை! மாடத்தையே பார்த்துக்கொண்டு பாடினாள். முன்பைவிடத் தாழ்த்தி, மூச்சோடு மூச்சாக முடித்தாள்.

விசிலும் இல்லை, கைதட்டலும் இல்லை. உச்சி மாடத்தில் அர்னால்தோ மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் மேடைவரை கேட்டது.